ஒன்றரை டன் என்பது எதன் எடை? – விசிறி, கூலர், ஏசி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஏசி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்றுதான். பெட்டியின் எடையாக இருக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களே! அந்த டன், பனிக்கட்டியின் எடை.

ஓர் அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு (907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதே அளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் இயந்திரத்துக்கு 'ஒரு டன்' என்று பெயர். பனிக்கட்டி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வந்த அளவை இது. பனிக்கட்டி போன பிறகும் அளவை மட்டும் தங்கிவிட்டது, ஓடாத குதிரையின் பெயரில் மோட்டாருக்கு 'குதிரைசக்தி' தங்கிவிட்ட மாதிரி.

விசிறி, ஏர் கூலர், ஏசி மூன்றையும் சுகத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் சேர்த்து ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த டன்னில் மாட்டிக்கொண்டேன். வாட், ஸ்டார், விலை என்று அட்டவணை போட்டால் பத்து நிமிஷ வேலை. ஆனால் ஒவ்வொரு பொருளும் எந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பின்னால் போய்ப் பார்த்தால், அட்டவணை சொல்லாத விஷயம் ஒன்று கிடைக்கிறது.

பனிக்கட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1833 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வாள் போட்டு அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் கொண்டுவந்து சேர்த்தபோது 100 டன் போல மிச்சம் இருந்தது. லாபம் தெரிந்ததும் பம்பாய், மெட்ராஸ் என்று வியாபாரம் விரிந்தது. மெட்ராஸ் கடற்கரையோரம் 1842இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். டூடரின் ஆட்கள் 1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி அறுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த தோரோ, தன் 'வால்டன்' நூலில் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்களில் மெட்ராஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

1870களில் நம்மூரிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சில நாட்கள் தங்கியது அங்கேதான். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த வட்டாரத்துக்கும் அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால், சுமார் 450 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையைச் செய்கிறது. அத்தனை தூரம் கடல் கடந்து வந்த டஸ்கனியின் 100 டன், ஒரே ஒரு படுக்கையறைக்கு ஏழு மாதம்தான் வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் யாரும் பனிக்கட்டியால் அறையைக் குளிர்விக்க நினைக்கவில்லை. துரைமார்களின் கிளாஸுக்கும், காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் போனது, அவ்வளவுதான். அறைக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டின் பெயர் பங்கா.

கூரையிலிருந்து தொங்கும் நீளமான துணிச் சட்டம். அதில் கட்டிய கயிறு சுவரில் ஓட்டை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். மறுமுனையில் ஒரு ஆள். கோர்ட், தேவாலயம், சாப்பாட்டு அறை, ராணுவ முகாம் எல்லா இடத்திலும் இது ஆடியது. ராத்திரியிலும் ஆடணும். கையில் வலி எடுத்தால் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்தபடியே இழுப்பார்கள். கண் அசந்தால் உள்ளே வியர்க்கும், அடி விழும். அந்த அடியில் செத்துப்போனவர்கள் உண்டு. வழக்கு வந்தால், 'இவனுக்கு மலேரியாவில் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, லேசாகத் தட்டியதற்கே வெடித்துவிட்டது' என்று வாதம் வைப்பார்கள். காலனியக் கோர்ட்டுகளில் இந்த மண்ணீரல் வாதம் திரும்பத் திரும்ப வந்து, வெள்ளைக்காரர்களைச் சொற்ப தண்டனையோடு தப்பவிட்டிருக்கிறது. மின்விசிறியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம்மைப் பொறுத்தவரை அது இந்தத் தாழ்வாரத்தில் ஆரம்பிப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

ஆனால் பங்கா செய்த வேலை என்ன? அது காற்றை ஒரு டிகிரி கூடக் குளிர்விக்கவில்லை. நம் பனையோலை விசிறியும் சரி, 1899இல் கல்கத்தாவுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் மெட்ராஸுக்கும் மின் விநியோகம் வந்த பிறகு கூரையில் ஏறிய மின்விசிறியும் சரி, காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றைத் தள்ளிவிட்டு வியர்வையைக் காயவைக்கின்றன. குளிர்விப்பது நம் வியர்வைதான்.

இங்கேதான் தமிழ் நமக்கு உதவுகிறது. வெயில், வெக்கை, அனல், புழுக்கம் என்று நாம் தனித்தனியாகச் சொல்கிறோம். வெக்கை என்பது வறண்ட சூடு: சுவரிலிருந்தும் அடுப்பிலிருந்தும் அடிப்பது. புழுக்கம் வேறு. புழுங்கல் அரிசியில் இருக்கிற அதே வேர்ச்சொல். நெல்லை ஆவியில் புழுக்குவது போல நம்மைக் காற்றின் ஈரம் புழுக்குகிறது. வெப்பமானி 32தான் காட்டும், ஆனால் சட்டை முதுகில் ஒட்டும், "என்னா இறுக்கமா இருக்கு, மழை வரும்போல" என்போம். ஆங்கில விளம்பரத்தில் இரண்டுக்கும் 'ஹீட்' என்று ஒரே சொல். ஒப்பீட்டு அட்டவணைகள் சறுக்குவது அங்கேதான். வெக்கைக்கான மருந்து புழுக்கத்துக்கு உதவாது, சில சமயம் நோயைக் கூட்டவும் செய்யும்.

விசிறி புழுக்கத்தின் மருந்து. இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. 40 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஆட்களை விசிறிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். விசிறி உதவியது. 47 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட அறையில் அதே விசிறி நிலைமையை மோசமாக்கியது. வறண்ட காற்றில் வியர்வை தானாகவே காய்ந்துவிடும். அதற்கு மேல் விசிறி செய்வது, உடம்பைவிடச் சூடான காற்றை உடம்பில் கொண்டுவந்து மோதுவது மட்டும்தான். ராயலசீமாவிலும் விதர்பாவிலும் மே மாத மத்தியானம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்கு இதை ஆய்வாளர்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்த மருந்து எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியையும் விலையில்லாமல் கொடுக்க அரசு ஆரம்பித்தபோது 'இலவசக் கலாச்சாரம்' என்று நிறையப் பேர் கேலி செய்தார்கள். பங்கா கயிற்றை யார் இழுத்தார்கள், யார் தூங்கினார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு அந்தக் கேலி ரசிக்கவில்லை.

அடுத்து கூலர். இதன் பாட்டன், வடக்கே வாசலிலும் ஜன்னலிலும் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டி. வறண்ட மேல்காற்று வீசும்போது தட்டியின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கணும். காற்று நனைந்து, குளிர்ந்து, மணத்தோடு உள்ளே வரும். காற்றே இல்லாத நாளுக்கு 19ஆம் நூற்றாண்டில் 'தெர்மான்டிடோட்' என்று ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே சுழலும் இறக்கை, பக்கங்களில் ஈரமான வெட்டிவேர். கைப்பிடியைச் சுற்ற ஓர் ஆள், தண்ணீர் ஊற்ற இன்னோர் ஆள். அந்த இரண்டு பேருக்குப் பதில் ஒரு மோட்டாரும் ஒரு பம்பும் வைத்தால் அதுதான் இன்றைய ஏர் கூலர். உள்ளே நடக்கும் சங்கதி கொஞ்சமும் மாறவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏசியிலும் வரும். ஆவியாக இடம் இருக்கிற வரைதான் கூலருக்கு வாழ்வு. நாக்பூரில் 43 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு மத்தியானம், நல்ல கூலர் காற்றை 28, 29 டிகிரிக்கு இறக்கிவிடும். பதினான்கு டிகிரி! சென்னையில் 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு ராத்திரி அதே கூலர் 29க்கு மேல்தான் நிற்கும். நான்கு டிகிரிகூட இறங்காது, ஆனால் வெளியே வரும் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டால் அரை மணி நேரத்தில் அறை இட்லிப் பானை. புழுக்கத்தில் இருப்பவருக்கு மேலும் ஆவி பிடிக்கச் சொல்வது போல.

விருதுநகரில் இருக்கும் என் அத்தை போனில் கேட்டார்: "ஏம்ப்பா, கூலர் வாங்குனா ஆகாதா? ஏசி கண்டிப்பா வேணுமா?" அங்கே சித்திரை மத்தியானம் 39 டிகிரி, ஈரம் 30 சதவீதம் என்று வைத்தால் கூலர் 28 வரை இறக்கும். "தாராளமா வாங்குங்க அத்தை, எதிர் ஜன்னலை மட்டும் தொறந்து வச்சுக்கோங்க" என்றேன். அதே கேள்வியைத் திருவல்லிக்கேணியிலிருந்து கேட்டிருந்தால் பதில் வேறு. கடையில் இரண்டு ஊருக்கும் ஒரே மாடலைத்தான் ஒரே வாசகத்தோடு விற்கிறார்கள்.

ஏசியின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஆரம்பிக்கிறது. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் சாக்கெட்–வில்ஹெம்ஸ் என்ற அச்சகத்துக்கு ஒரு பிரச்சினை. கோடைக்காலக் காற்றின் ஈரத்தில் காகிதம் விரியும், சுருங்கும். ஒரு நிறம் அச்சான பிறகு அடுத்த நிறம் அதே இடத்தில் விழாது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் இதற்கு வழி செய்தார்: காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருள் மேல் ஓடவிட்டால், அதில் இருக்கும் ஈரம் சுருளில் படிந்து வடிந்துவிடும். மனிதர்களின் சுகம் அந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரும் நான்கு வருஷம் கழித்து நூற்பாலைக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. ஸ்டூவர்ட் கிராமர் என்ற அவருக்குக் கவலை மறுபக்கம்: வறண்ட காற்றில் நூல் அறுந்துபோகிறது, காற்றுக்கு ஈரம் சேர்க்கணும். கோயம்புத்தூர் மில்களில் வேலை பார்த்தவர்கள் 'ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்' பார்த்திருப்பார்கள். காகிதத்துக்கும் நூலுக்கும் கிடைத்த மரியாதை அதைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குக் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

ஆக, ஏசி பிறவியிலேயே ஈரம் பிழியும் இயந்திரம். கூலர் தண்ணீரை ஆவியாக்குகிறது, ஏசி ஆவியைத் தண்ணீராக்குகிறது. அதே 0.68 யூனிட் வெப்பம், இப்போது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். எங்கள் வீட்டு ஏசியின் வடிகுழாய்க்குக் கீழே ஓர் ஆவணி ராத்திரி பக்கெட் வைத்துப் பார்த்தேன். காலையில் கிட்டத்தட்ட பத்து லிட்டர். கிட்டத்தட்ட ஏழு யூனிட் அளவு வெப்பத்தை, ஒரு டிகிரி கூட இறக்காமல், ஈரத்தை வடிக்க மட்டுமே அந்தப் பெட்டி வெளியே தள்ளியிருக்கிறது. மின்சாரமாகச் சொன்னால் அதில் நாலில் ஒரு பங்கு போல ஆகும். சென்னையில் ஏசிக்குக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு துவட்டுவதற்குப் போகிறது.

இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? புழுக்கம் தாங்கலை என்றதும் ரிமோட்டில் எண்ணை இறக்குகிறோம். 24, 22, 20. ஈரம் போகிறது, கூடவே வேண்டாத குளிரும் வருகிறது, நடுராத்திரியில் போர்வை தேடுகிறோம். மேல்நாட்டு ஆபீஸ்களை வைத்து வகுத்த 22, 23 டிகிரி நமக்குத் தேவையே இல்லை என்று ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் சர்மாவும் அலியும் 1986லேயே காட்டினார்கள். வெப்பம், ஈரம், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து அவர்கள் செய்த குறியீட்டில் இந்தியர்களுக்கு இதமான எல்லை 25 முதல் 30. நடுப்புள்ளி 27.5. காற்று வீசினால் இன்னும் கூடுதல் சூட்டையும் உடம்பு ஏற்கும். 2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்கணும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26 அல்லது 27 வைத்துவிட்டு விசிறியை இரண்டில் ஓடவிடுங்கள். ஏசி ஈரத்தைப் பிழியட்டும், விசிறி வியர்வையைக் காயவைக்கட்டும். நூறு வருஷமாக இரண்டும் தனித்தனியாகச் செய்த வேலை சேர்ந்தால்தான் சென்னைக்குச் சரி.

(இன்வெர்ட்டர் ஏசியில் ஒரு சின்னச் சிக்கல். அறை சீக்கிரம் குளிர்ந்ததும் அது வேகத்தைக் குறைத்துவிடும், சுருள் போதிய அளவு குளிராது, ஈரம் அப்படியே நிற்கும். மழைக்கால ராத்திரிகளில் 'டிரை' பொத்தான் அதற்குத்தான்.)

இனி பில். 2022 செப்டம்பர் கட்டணத்தில் போடுகிறேன். 2024 ஜூலையில் அது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியது, படிக்கட்டு அமைப்பு அதே. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை பறிபோகும், தாண்டிய யூனிட்டுக்கு 8, அப்புறம் 9 என்று ஏறும். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்!

குளிர்சாதனம் இல்லாமல் 300 யூனிட் ஓடும் வீடு என்று கொள்வோம்: பில் 675. 180 வாட் கூலர் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் 86 யூனிட் கூடும், பில் 1060 சொச்சம். ஒன்றரை டன் ஏசியைக் குறைந்த டிகிரியில் வைத்து ராத்திரிக்கு 6 யூனிட் இழுத்தால் மொத்தம் 660 யூனிட், பில் 3290. அதே ஏசியை 26க்கு மேல் விசிறியோடு வைத்து 4 யூனிட்டில் நிறுத்தினால் 540 யூனிட், 2270. இப்போது இரண்டு பழைய 75 வாட் விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றுங்கள். தினம் 15 மணி நேரம் ஓடுகிற விசிறி ஒவ்வொன்றிலும் 40 யூனிட் மிச்சம். மொத்தம் 460 யூனிட், பில் 1485. யூனிட் 30 சதவீதம்தான் குறைந்தது, பில் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏசி வாங்கும்போது மூன்று ஸ்டாரா ஐந்து ஸ்டாரா என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள், கூரையில் இருபது வருஷமாகச் சுற்றும் விசிறியை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்தால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கூரைக்கு வெள்ளை அடிக்கணும். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கும் வெக்கையை இறக்கிக்கொண்டிருக்கும். விசிறி அதைத்தான் வாரி நம் மேல் போடுகிறது. சென்னையில் கடலோரப் புழுக்கமும் காங்கிரீட் வெக்கையும் ஒரே அறையில் சேர்வது இப்படித்தான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் உயரமான கூரையும் சுண்ணாம்புத் தளமும் இதைக் கொஞ்சம் தாமதப்படுத்தின.

மேலே போட்ட கணக்கு முழுக்கச் சொந்தமாக மீட்டர் உள்ளவர்களுக்கு. சென்னையில் எத்தனையோ வாடகைக் குடித்தனங்களில் சப்-மீட்டர் வைத்து, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று ஒரே ரேட்டில் வாங்குகிறார். இலவச 100 யூனிட் இல்லை, படிக்கட்டும் இல்லை. ஒன்பது ரூபாய் என்று வைத்தால், சொந்த மீட்டர்க்காரர் 675 கொடுக்கும் அதே 300 யூனிட்டுக்கு இவர் 2700 கொடுக்கிறார், ஏசி ஒரு நிமிஷம்கூட ஓடாமலே. 660 யூனிட் ஆனால் 5940. இந்த வீட்டில் ஏசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் விசிறியைப் பற்றித்தான் பேசணும். ஒரு பிஎல்டிசி விசிறி இரண்டு மாதத்துக்கு 360 ரூபாய் மிச்சம் பிடிக்கும், சாதா விசிறியைவிடக் கூடுதலாகக் கொடுத்த காசு ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். கூரைக்கு வெள்ளை அடிக்க மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்கணும். அவர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருப்பார், அங்கே ராத்திரி வெக்கை தெரியாது.